கொடுத்ததாகக் கொள்ளப்படும்

அந்தக் கம்பெனியில் ஒரு தடங்கல் வரவேண்டுமென்றால் ஏழு வேலை நாளுக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எதிர்பாராத தடங்கல் என்றால் பத்து நாள். எதிர்பாராததை ஏற்பாடு செய்யக் கூடுதலாக மூன்று நாள் பிடிக்கும் என்பது தயார்நிலைத் துறையின் கணக்கு. படிவத்தில் தடங்கல் தொடங்கும் நேரத்துக்கு ஒரு கட்டம், முடியும் நேரத்துக்கு ஒரு கட்டம், தடங்கலுக்குப் பொறுப்பானவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தன. சிரிக்காதீர்கள். நிஜமாகவே அச்சடித்து, கட்டுக்கட்டாக எல்லா மேசையிலும் வைத்திருந்தார்கள்.

கம்பெனியின் தொழில் லேசானதல்ல. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களில் சிலர் வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் ஏற்றி, இறக்கி, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வார்கள். அந்தத் திரவப் பைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை இது. பையில் மூன்று வீரியம். மஞ்சள் மூடி, பச்சை மூடி, சிவப்பு மூடி. மஞ்சள்காரருக்குச் சிவப்பு போனால் உடம்பு வற்றித் தலைசுற்றி விழுவார். சிவப்புக்காரருக்கு மஞ்சள் போனால் கால் வீங்கி மூச்சு முட்டும். யாருக்கு எந்த மூடி, எத்தனை பை என்பதெல்லாம் மெஷின் ரூமில் இருந்த ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருந்தது. டாக்டர்கள் மாற்ற மாற்ற அதுவும் மாறும்.

அனுப்பும் பிரிவில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் பட்டியல் என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஏழு மணிக்கு வந்ததும் அன்றைய பட்டியலை ஒரு பிரதி எடுத்து, நான்காக மடித்து, சட்டைப்பையில் செருகிக்கொள்வார். எந்தக் காலத்திலோ ஒருநாள் மெஷின் அரை மணி நேரம் மக்கர் பண்ணியதாம். அன்றைக்குப் பிடித்த பழக்கம். இன்னொரு காரணமும் இருந்தது. அந்தப் பட்டியலில் எழுபத்திரண்டாவது பெயர் அவருடைய அக்காவுடையது. பச்சை மூடி, எட்டுப் பை, ஒருநாள் விட்டு ஒருநாள். அக்கா அவர் வீட்டு முன்னறையில்தான் இருந்தார். பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருஷம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டாலும் குரல் கைவிடவில்லை.

தயார்நிலைத் துறை பிறந்த கதை சின்னது. எங்கேயோ வேறொரு கம்பெனியில் கம்ப்யூட்டர் எரிந்துபோய் ஒரு வாரம் தொழில் படுத்துவிட்டதாக முதலாளி பத்திரிகையில் படித்தார், பயந்தார். சாதாரண மனுஷன் பயந்தால் வீட்டுக் கதவைத் தாழ் போடுவான். கம்பெனி பயந்தால் ஒரு துறை ஆரம்பிக்கும். அதற்கு இயக்குநராக வந்தவர் அதுவரை விழாப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ரிப்பன், மாலை, மேடை, மைக் இவற்றில் கைதேர்ந்தவர். கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து பார்த்து மரியாதை செலுத்துவதோடு சரி.

துறைக்குப் பதினோரு பேர். பதினோரு பேர் உட்கார இடம் வேண்டுமே. மெஷின் ரூமுக்குப் பக்கத்து அறையில் ஒரு துணை மெஷின் இருந்தது. பெரியது படுத்தால் அது எழுந்து வேலை பார்க்கும். அந்த அறைதான் தயார்நிலைத் துறையின் கூட்ட அரங்கமாயிற்று. துணை மெஷினை எறியவில்லை, அவ்வளவு நன்றிகெட்டவர்கள் இல்லை. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி செய்து, அதற்குள் வைத்து, "நமது மாற்று ஏற்பாடு" என்று பித்தளையில் எழுதி மாட்டினார்கள். வயர் தொங்குவது பார்வைக்கு நன்றாயில்லை என்று வயரைக் கழற்றினார்கள். மேசை கனம் தாங்காது என்று உள்ளே இருந்ததையும் கழற்றினார்கள். வருகிற விருந்தாளிகளெல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

கூட்ட அரங்கத்துக்கு ஏசி போதவில்லை. மெஷின் ரூமில் இருந்த இரண்டு ஏசியில் ஒன்றைக் கழற்றி அங்கே மாட்டச் சொன்னார் இயக்குநர். மெஷின் ரூமைக் கவனித்துக்கொண்ட பெண் அதை எதிர்த்தார். அவரை எல்லோரும் வோல்டேஜ் என்பார்கள். வார்த்தையை எண்ணித்தான் செலவழிப்பார். மெஷின் சூடேறும் என்று மட்டும் சொன்னார். இயக்குநர் அதற்குப் பத்து நிமிஷம் பதில் சொன்னார். தயார்நிலை என்பது மனிதர்களின் மனநிலை என்றும், மனிதர்கள் குளிர்ச்சியாக இருந்தால் இயந்திரமும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்றும் அதன் சாரம். வோல்டேஜ் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவந்து மெஷின் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்.

துறை முதல் வேலையாக ஒரு திட்டம் எழுதியது. அறுநூற்று நாற்பது பக்கம். அதில் அங்கீகரிக்கப்பட்ட தடங்கல்கள் பதினான்கு. நில அதிர்வு (மிதமானது), வெள்ளம் (கணுக்கால் வரை), முதலாளி வெளியூர்ப் பயணம் என்று வரிசையாகப் போகும். பதினைந்தாவதாக ஏதாவது வந்தால் என்ன செய்வது என்று பட்டியல் ஒருநாள் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார். திட்டத்தில் இல்லாதது நடந்தால் அது தடங்கல் இல்லை, ஒழுங்கீனம், அதற்கு வேறு துறை இருக்கிறது என்று பதில் வந்தது. திட்டம் யார் கையிலும் கிடைத்துவிடக் கூடாது என்று காகிதத்தில் எடுக்கத் தடை போட்டு, பத்திரமாகக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்துப் பூட்டினார்கள். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பதும் அதற்குள்ளேதான் இருந்தது. ஏட்டுச் சுரைக்காயாவது ஏட்டில் இருக்கும். இது அங்கேயும் இல்லை.

அடுத்தது ஒத்திகை. மாதத்துக்கு ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு. மெஷின் நின்றுபோன மாதிரி எல்லோரும் நடந்துகொள்ள வேண்டும். மெஷினை நிஜமாக நிறுத்தினால் வேலை கெடும் என்பதால், நின்றதற்கு அடையாளமாக அதன்மேல் ஒரு சிவப்புத் துணியைப் போர்த்துவார்கள். உடனே மணி அடிக்கும். அத்தனை பேரும் ஆரஞ்சு நிற மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்தில் அகர வரிசையில் நிற்க வேண்டும். கால் மணி நேரத்தில் துணியை எடுப்பார்கள். தடங்கல் தீர்ந்தது, தேநீர் வரும்.

ஒத்திகை நேரத்துக்குள் வருகிற வேலைகளை என்ன செய்வது? அதற்கும் திட்டத்தில் வழி இருந்தது. ஒரு ரப்பர் முத்திரை. "கொடுத்ததாகக் கொள்ளப்படும்." முதல்தடவை அந்த முத்திரையைப் பார்த்தபோது பட்டியல் அதை இரண்டுமுறை திருப்பிப் படித்தார். கொடுத்ததாக நாம் வைத்துக்கொள்ளலாம், நோயாளி என்ன செய்வார் என்று கேட்டார்.

"நோயாளி பெற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படுவார்" என்றார் இயக்குநர். "நாம் அவர்களையும் சேர்த்துத்தானே திட்டம் போட்டிருக்கிறோம்."

நல்லவேளையாக ஒத்திகை பதினொன்றேகாலுக்கு முடிந்துவிடும், வண்டிகள் ஒரு மணிக்குத்தான் கிளம்பும். முத்திரை ஒருபக்கம் விழுந்தது, பைகள் ஒருபக்கம் போயின. யாருக்கும் கெடுதல் இல்லை என்று பட்டியல் மனதைத் தேற்றிக்கொண்டார்.

பிறகு அவர் சட்டைப்பைக்கே வந்தார்கள். ஆபத்துக் கணக்கெடுப்பு என்று துறைக்காரர் ஒருவர் மேசை மேசையாக வந்து, பட்டியலின் பையில் துருத்திக்கொண்டிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டார். கட்டுப்பாடற்ற பிரதி என்று எழுதிக்கொண்டு போனார். மறுநாள் கூட்ட அரங்கத்தில் விசாரணை. பதினோரு பேர் ஒரு பக்கம், பட்டியல் ஒரு பக்கம், நடுவில் அந்தக் காகிதம். அவர் எதையோ திருடிவிட்டது போல எல்லோரும் அதையே பார்த்தார்கள். மெஷின் நின்றால் இது உதவும் என்றுதான் வைத்திருக்கிறேன் என்றார் அவர்.

இயக்குநருக்கு நிஜமாகவே மனம் புண்பட்டுவிட்டது. "மெஷின் நின்றால் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அதாவது எங்கள் துறை தோற்றுப்போகும் என்று தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு பிரதி எடுக்கிறீர்கள். பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு நம்பிக்கை இல்லையென்றால், நாங்கள் பதினோரு பேரும் எதற்கு இருக்கிறோம்?"

அந்தக் கடைசிக் கேள்வியை அவர் யோசித்துக் கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். காகிதத்தைப் பறிமுதல் செய்து, இனிமேல் பிரதி எடுக்கக் கூடாது என்றார்கள். முக்கியமான ஆவணம் என்பதால் தீப்பிடிக்காத இரும்புப் பெட்டியில் வைத்து, ரகசிய எண் போட்டுப் பூட்டினார்கள். ரகசிய எண் பாதுகாப்பாகக் கம்ப்யூட்டரில் இருந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார். அக்கா அப்போதுதான் மாலைப் பையை ஏற்றிவிட்டு, குழாயை மூடிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் ஒலிபெருக்கியில் வண்டி புறப்படும் நேரம் சொன்னேன், வண்டி புறப்பட்டதாகக் கொள்ளுங்கள் என்று ஒருநாளாவது சொல்லியிருந்தால் பயணிகள் என்னை மைக்கோடு சேர்த்துத் தூக்கியிருப்பார்கள் என்றார். வேலையை விட்டுவிடட்டுமா என்று தம்பி கேட்டதற்கு, நீயும் போய்விட்டால் அங்கே எங்களுக்கென்று யார் இருக்கிறார்கள் என்று அடக்கிவிட்டார்.

இப்படியிருக்கையில் தங்கச் சான்றிதழ் வந்து சேர்ந்தது. அதாவது, வாங்கவேண்டும் என்ற ஆசை வந்து சேர்ந்தது. எந்தத் தடங்கலையும் தாங்கும் கம்பெனி என்று வெளியிலிருந்து தேர்வாளர்கள் வந்து பார்த்துக் கொடுக்கிற சான்றிதழ். வருகிற புதன்கிழமை பதினொரு மணிக்கு எதிர்பாராத தடங்கல் என்று சுற்றறிக்கை வந்தது. செவ்வாய்க்கிழமை எல்லோரையும் கூப்பிட்டுத் திடுக்கிடுவதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். முன்வரிசை வாயைத் திறக்க வேண்டும், பின்வரிசை நெஞ்சில் கை வைத்தால் போதும். கணக்குப் பிரிவுக்காரர்களுக்குத் திடுக்கிடவே வரவில்லை என்று அவர்களை மூன்றுமுறை திரும்பச் செய்ய வைத்தார்கள்.

பழைய சிவப்புத் துணி சாயம் போயிருந்தது. தேர்வாளர்கள் வரும்போது கந்தலையா போர்த்துவது? இயக்குநரின் விழாப் பிரிவு மூளை விழித்துக்கொண்டது. கனத்த வெல்வெட், உள்ளே இரட்டை அடித்துணி, ஓரமெல்லாம் தங்கச் சரிகை, மெஷினுக்கு அளவெடுத்துத் தரை வரை தொங்கத் தைத்து, பின்னால் முடிச்சுப் போட நாடாவும் வைத்தாயிற்று. மாப்பிள்ளை கெட்டார், போங்கள். வோல்டேஜ் அதைத் தொட்டுப் பார்த்து, மெஷினுக்கு மூச்சு விட வழியில்லை, ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம் என்றார். ஐந்து நிமிஷம்தான் என்று இயக்குநர் ஒப்புக்கொண்டார். தன் பேச்சு எவ்வளவு நேரம் என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை. அன்றைக்கு நூற்று நாற்பத்தாறு வீட்டுக்குப் பை போகவேண்டும். அக்கா கடைசிப் பையைக் காலையில் ஏற்றிவிட்டார்; அடுத்த வேளைக்கு வீட்டில் ஒன்றும் இல்லை. பல வீடுகளில் அதே நிலைமை. சின்னச் சின்ன வீடுகள், பைகளை அடுக்கி வைக்க இடம் இல்லாமல்தானே ஒருநாள் விட்டு ஒருநாள் வாங்குகிறார்கள்.

சரியாகப் பதினொரு மணிக்கு வெல்வெட்டைப் போர்த்தி, நாடாவை முடிந்தார்கள். மணி அடித்தது. முன்வரிசை வாயைத் திறந்தது, பின்வரிசை நெஞ்சில் கை வைத்தது. தேர்வாளர்கள் மூன்று பேர், கையில் அட்டையும் மதிப்பெண் தாளும். தலைமைத் தேர்வாளர் சிரிக்காமல் பிறந்து சிரிக்காமல் வளர்ந்தவர் போல இருந்தார். இயக்குநர் மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. ஆபத்து என்பது ஓர் அழைப்பு என்றார். நாங்கள் ஆபத்துக்காகக் காத்திருப்பதில்லை, ஆபத்துதான் எங்களிடம் நேரம் கேட்டு வருகிறது என்றார். பதினொன்றரைக்கு, சுருக்கமாகச் சொல்ல வருவது என்னவென்றால் என்று ஆரம்பித்தார்.

பதினொன்று நாற்பதுக்கு லேசாக ஒரு வாசம் வந்தது, இஸ்திரிப் பெட்டியைத் துணியிலேயே மறந்து வைத்தது போல. வோல்டேஜ் வரிசையை விட்டு ஓடினார். பட்டியலும் பின்னாலேயே ஓடினார். மெஷின் ரூமில் தெர்மாமீட்டரின் முள் அது போகக்கூடிய கடைசி இடம் வரை போய் நின்றிருந்தது. முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. வோல்டேஜ் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே, கட்டடம் முழுக்க இருந்த எல்லாத் திரைகளும் ஒரே நொடியில் கறுத்துப்போயின.

ஜன்னலுக்கு வெளியே கைதட்டல் கேட்டது.

பட்டியல் மூச்சிரைக்க ஓடிவந்து, மெஷின் செத்துவிட்டது, நிஜமாகவே செத்துவிட்டது என்று கத்தினார். தலைமைத் தேர்வாளர் முதன்முறையாகப் புன்னகை செய்தார். இத்தனை வருஷத்தில் திரையை அணைக்கும் அளவுக்கு எந்தக் கம்பெனியும் சிரமம் எடுத்துக்கொண்டதில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பட்டியலை மேலும் கீழும் பார்த்து, ஊழியரின் பதற்றம், பத்துக்குப் பத்து என்று எழுதிக்கொண்டார். வாசத்துக்குத் தனியாக ஐந்து. முடிச்சை அவிழ்த்துத் துணியோடு வந்த வோல்டேஜுக்கு மட்டும், தடங்கல் முடியுமுன் துணியை எடுத்ததற்காக இரண்டு மதிப்பெண் குறைத்தார்.

இயக்குநர் பட்டியலைத் தோளில் தட்டி ஓரமாகக் கூட்டிப்போனார். "ரொம்ப நல்லா இருக்கு. அப்படியே கடைசி வரைக்கும் கொண்டு போங்க."

"சார், நடிக்கலை சார். ஒரு மணிக்கு வண்டி போகணும். யாருக்கு எந்த மூடின்னு தெரியாது. தப்பான மூடி போனா ஆள் செத்துப்போகும் சார்."

இயக்குநர் மெஷின் ரூம் பக்கம் ஒருமுறை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, முகம் வெளிறியதைப் பட்டியல் பார்த்தார். ஆனால் தலைமைத் தேர்வாளர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாரே. இயக்குநர் முகத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"வண்டி எதுக்கு? பன்னிரண்டு மணிக்கே எல்லாம் கொடுத்தாச்சு" என்றார். மேசையில் பெயர் மட்டும் அச்சான நூற்று நாற்பத்தாறு ரசீதிலும் முத்திரை விழுந்து, மை காய்ந்துகொண்டிருந்தது. சான்றிதழ் கைக்கு வரும்வரை இந்தத் தடங்கல் நிஜமானதாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, தேர்வாளர்களைச் சாப்பிட அழைத்துப்போனார். அவர்கள் சாப்பிட்டு வரும்வரை யாரும் வரிசையைக் கலைக்கக் கூடாது என்று உத்தரவு.

ஏதாவது மிச்சம் வைத்திருக்க மாட்டார்களா என்று பட்டியலும் வோல்டேஜும் வரவேற்பறைக்கு ஓடினார்கள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மாற்று ஏற்பாட்டின் மூடியைக் கழற்றினால், உள்ளே ஒரு பாலிஷ் டப்பாவும் துடைக்கிற துணியும் இருந்தன. பித்தளைப் பலகையைத் தேய்க்க வரவேற்பறைக்காரர் வைத்திருந்தது. இரும்புப் பெட்டியில் பழைய பட்டியலாவது இருக்கும்; ரகசிய எண்தான் வெந்துபோன மெஷினுக்குள் கிடந்தது. பட்டியல் தன்னையறியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பேனா மட்டும் இருந்தது. பத்தொன்பது வருஷம் ஒருநாள் தப்பாமல் எடுத்துவிட்டு, இவர்கள் சொன்னார்கள் என்று நிறுத்தினேனே என்று அவருக்குத் தன்மேலேயே காறித் துப்பவேண்டும் போல வந்தது.

ஒரு பெயர் மட்டும் அவருக்கு மனப்பாடம். பச்சை மூடி, எட்டுப் பை. கிடங்குச் சாவி இடுப்பில்தான் இருந்தது. எட்டுப் பையை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடலாம். யாரும் கேட்கப்போவதில்லை, கொடுத்ததாகத்தான் எழுதியாயிற்றே. அந்த நினைப்போடுதான் அக்காவுக்குப் போன் செய்தார்.

அக்கா முழுக்கக் கேட்டார். "எனக்கு மட்டும் தூக்கிட்டு வந்து நின்னே, வாசலோட திருப்பி அனுப்பிடுவேன்" என்றார். "ஏன்டா, யாருக்கு என்ன மூடின்னு மெஷினுக்கு மட்டும்தான் தெரியுமா? வயித்துல ஏத்திக்கிறவங்களுக்குத் தெரியாதா?"

பட்டியல் இடுப்புச் சாவியிலிருந்து கையை எடுத்தார். அறுநூற்று நாற்பது பக்கத்தில் நோயாளியைக் கேட்கலாம் என்று ஒரு வரி கிடையாது. பதினோரு பேருக்குத் தோன்றவில்லை. பத்தொன்பது வருஷம் இருந்த தனக்கும் தோன்றவில்லையே என்று வெட்கமாயிருந்தது.

மாதாமாதம் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குப் போய் வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர்களுக்குள் சிநேகம் உண்டு. போனில் ஒரு குழு வைத்து, உப்பில்லாத சமையலுக்குக் குறிப்பும், டாக்டர்களைப் பற்றிய வம்பும் பரிமாறிக்கொள்வார்கள். அக்கா அதில் குரலிலேயே அறிவிப்பு விட்டார். பயணிகளின் கனிவான கவனத்துக்கு என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டாராம். இன்றைக்குப் பை வரவேண்டியவர்கள் பெயர், வீட்டு அடையாளம், மூடி நிறம், எத்தனை பை என்று உடனே சொல்லவும். குழுவில் இல்லாத தெரிந்தவர்கள் இருந்தால் ஓடிப்போய்க் கேட்டுச் சொல்லவும். பதில்கள் வந்து விழ ஆரம்பித்தன. அக்கா ஒவ்வொன்றாகப் போனில் வாசிக்க, பட்டியல் எழுத ஆரம்பித்தார். காகிதம் எங்கே? மேசையில் எதிர்பாராத தடங்கல் படிவம் கட்டுக்கட்டாக இருந்தது. அதன் முதுகில் எழுதினார். அந்தப் படிவத்தால் உலகத்துக்கு ஆன ஒரே உபகாரம் அதுதான்.

டிரைவர்கள் நாலு பேரும் அகர வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பட்டியல் மூத்த டிரைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். வீடுகள் எங்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும், மூடிதான் தெரியாது என்றார் அவர். மூடி எழுதின காகிதத்தை நீட்டியதும், ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றிப் பக்கத்துக் கம்பியில் மாட்டினார். மற்ற மூவரும் கழற்றினார்கள். கணக்குப் பிரிவுக்காரர்களும் வந்து கைமாற்றிப் பைகளை ஏற்றினார்கள். நேற்றுத் திடுக்கிடத் தெரியாதவர்கள் இன்றைக்கு வேர்த்து விறுவிறுத்துப்போனார்கள். மேல்மாடி ஜன்னலில் தேர்வாளர்கள் சாப்பிட்டுக்கொண்டே கீழே பார்த்தார்கள். வரிசை கலைந்ததற்கு மூன்று மதிப்பெண் போயிற்று.

வண்டிகள் கிளம்ப மூன்றரை ஆகிவிட்டது. அக்கா வீட்டிலிருந்தபடியே விட்டுப்போன வீடுகளைத் தேடித் தேடிப் பிடித்து டிரைவர்களுக்குச் சொல்லிக்கொண்டேயிருந்தார். தன் வேளை தப்பிக்கொண்டிருப்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏழு மணிக்குள் நூற்று நாற்பத்தைந்து வீடு முடிந்தது. ஒரே ஒருவர், ஊர்க்கோடியில் பூட்டு ரிப்பேர் பார்க்கிறவர், போன் எடுக்கவில்லை. மூத்த டிரைவர் போய்ப் பார்த்தபோது அவர் கடைப் பலகையில் சாய்ந்து, கால் வீங்கி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். முந்தின நாளே பை தீர்ந்துவிட்டிருந்தது. புதன்கிழமை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். பைகளுக்கு நடுவே அவரைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் டிரைவர். நாலு நாள் கழித்து வீடு திரும்பினார். ரசீதில் அவர் பகல் பன்னிரண்டு மணிக்கே பெற்றுக்கொண்டதாகக் கொள்ளப்பட்டிருந்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும், அக்கா பச்சை மூடியைத் திறந்து குழாயை மாட்டும்வரை பட்டியல் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிடு என்றார் அக்கா.

சனிக்கிழமை வேறொரு மெஷின் வந்தது; அதுவரை அக்கா போனில் கேட்டுச் சொன்ன கணக்கிலேயே வண்டிகள் ஓடின. பழையதின் வயிற்றிலிருந்து கணக்குகளை வோல்டேஜ் மூன்று நாள் தூங்காமல் மீட்டெடுத்தார். திங்கட்கிழமை தங்கச் சான்றிதழ் வந்தது, கண்ணாடிப் பெட்டிக்கு மேலேயே மாட்டினார்கள். இயக்குநர் ரிப்பன் வெட்டி, கண்ணீர் மல்கப் பேசினார். நம் ஒத்திகை எவ்வளவு தத்ரூபமாக இருந்ததென்றால், ஒரு கட்டத்தில் எனக்கே நிஜம் போலத் தோன்றியது என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் பொய் இல்லை.

செவ்வாய்க்கிழமை பட்டியலுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, விளக்கம் கேட்டு. ஒத்திகையின்போது வரிசையைக் கலைத்தது. நோயாளிகளைப் பற்றிய விவரங்களை அதிகாரமற்ற நபர்களிடமிருந்து, அதாவது நோயாளிகளிடமிருந்து, பெற்றது. ஏற்கெனவே கொடுத்ததாகக் கொள்ளப்பட்ட பைகளை மறுபடியும் கொடுத்தது. மூன்றுக்கும் ஏழு நாளில் பதில் சொல்லவேண்டும். இன்னொன்று, பாராட்டு. தேர்வாளர்கள் வெகுவாக மெச்சியதால் இனி ஒவ்வொரு ஒத்திகையிலும் பதறுகிற பொறுப்பு நிரந்தரமாக அவருக்கே தரப்படுகிறது. பதற்றத்தின் அளவு அன்றைக்கு இருந்ததைவிடக் குறையக் கூடாது.

அவர் இரண்டையும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அங்கே ஏற்கெனவே ஒரு காகிதம் இருந்தது. அன்று காலை ஏழு மணிக்கு எடுத்தது. இந்த முறை யார் வந்து கேட்டாலும் சட்டையோடு கழற்றிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்திருந்தார்.

வியாழக்கிழமை மதியம் தயார்நிலைத் துறையிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. சான்றிதழ் விதிப்படி பயனாளிகள் சிலரிடம் கருத்துக் கேட்கவேண்டுமாம். பேசினவர் எழுதிவைத்திருந்ததைப் படித்தார். சென்ற வாரம் புதன்கிழமை ஒத்திகையின்போது தாங்கள் பெற்றதாகக் கொள்ளப்பட்ட பைகள் தங்களுக்குத் திருப்தியாக இருந்தனவா, மிகத் திருப்தியாக இருந்தனவா?

அக்கா வயிற்றில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். பேருந்து நிலையம் முழுக்கக் கேட்கிற அந்தக் குரலை எடுக்கவில்லை, சாதாரணமாகத்தான் பேசினார்.

"நீங்க குடுத்ததா வெச்சுக்கிட்டீங்கல்ல, தம்பி? அதே மாதிரி நான் செத்துட்டதாவும் வெச்சுக்கங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம் கேட்டது. அதற்குக் கட்டம் இல்லைங்கம்மா, மிகத் திருப்தி என்று போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த எண்ணுக்குப் போனார்.